யாருக்கான மாற்றம்?

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டிருந்தான். ஆய்வுக் கட்டுரைகளில் அவனுக்கு டிக்கி என்று பெயர். ஆட்டிசம் உள்ள குழந்தை. வயதுக்கேற்ற பேச்சு இல்லை, தூக்கம் இல்லை, சாப்பாடும் சரியில்லை. ஆத்திரம் வந்தால் தலையை மோதிக்கொள்வான், முடியைப் பிய்ப்பான், முகத்தைக் கீறிக்கொள்வான். கைக்குழந்தையாக இருந்தபோதே அவன் கண்களில் புரை இருந்தது தெரியவந்து, அறுவை சிகிச்சை செய்து லென்ஸை எடுத்துவிட்டிருந்தார்கள். இனிக் கண்ணாடி போட்டால்தான் பார்வை. அவனோ கண்ணாடியைக் கிட்டே சேர்ப்பதில்லை. இன்னும் ஆறு மாதத்துக்குள் அணியப் பழகாவிட்டால் பார்வை நிரந்தரமாகப் போய்விடும் என்று கண் மருத்துவர் எச்சரித்திருந்தார்.

மோண்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி, ஹேடன் மீஸ் ஆகிய மூவர் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்கள். முதலில் கண்ணாடி இல்லாத வெறும் ஃபிரேம்களை அறையில் ஆங்காங்கே வைத்தார்கள். டிக்கி ஒன்றைத் தொட்டால் ஒரு துண்டு மிட்டாயோ பழமோ கிடைக்கும். பிறகு கையில் எடுத்தால்தான் கிடைக்கும். பிறகு முகத்தருகே கொண்டுபோனால்தான். மிட்டாய்க்கு அவன் பெரிதாக மசியாதபோது காலை உணவையே பரிசாக்கி, பசித்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். கடைசியில் டிக்கி கண்ணாடி அணிந்தான். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம்வரை அணிந்திருந்தான். 1964-ல் வெளியான அந்தக் கட்டுரை, பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்ற துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. இன்று உலகெங்கும் பெற்றோர்கள் ஏபிஏ என்று மூன்றெழுத்தில் குறிப்பிடும் சிகிச்சை இதுதான்.

இதன் அடிப்படை பி. எஃப். ஸ்கின்னர் ஆய்வுக்கூடத்தில் எலிகளையும் புறாக்களையும் வைத்துக் கண்டறிந்த விதி. ஒரு செயலுக்குப் பின் நல்லது கிடைத்தால் அந்தச் செயல் பெருகும். எதுவும் கிடைக்காவிட்டால் தேயும். பெரிய திறன் ஒன்றைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் பரிசு கொடுத்தால் மிகக் கடினமானதையும் கற்பிக்கலாம். டிக்கியின் கதையில் இந்த விதி வேலை செய்தது. அதைவிட முக்கியமான இன்னொன்றும் அங்கே சரியாக இருந்தது: அவர்கள் கொண்டுவந்த மாற்றம் டிக்கிக்குத் தேவையான மாற்றம். பசியைக் கருவியாக்கியது நம்மை இன்று நெளியவைக்கிறது. ஆனால் அந்தக் குழந்தை பெற்றது தன் பார்வையை.

ஆட்டிசக் குழந்தைகளுக்கான நடத்தைச் சிகிச்சை பற்றி அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் வாதத்தில், 'இது பலன் தருமா?' என்ற கேள்விதான் உரக்கக் கேட்கிறது. அதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எது பலன்? யாருக்குப் பலன்?

குற்றவாளிக் கூண்டில் அம்மாக்கள்

இந்தச் சிகிச்சை எந்தச் சூழலில் பிறந்தது என்று தெரியாமல் அதை எடைபோடுவது நியாயமாகாது.

பால்டிமோரில் பணிபுரிந்த லியோ கான்னர், 1943-ல் பதினொரு குழந்தைகளை விவரித்து ஆட்டிசம் பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை எழுதினார். அடுத்த இருபது ஆண்டுகள் இத்துறையை உளப்பகுப்பாய்வே ஆண்டது. பாசமற்ற, உறைந்துபோன பெற்றோர், அதிலும் குறிப்பாக அம்மாக்கள், குழந்தையை இந்த நிலைக்குத் தள்ளிவிட்டார்கள் என்று நம்பப்பட்டது. சிகாகோவின் புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் எழுதிய நூல் இந்தக் கருத்தைப் பொதுமக்களிடம் பரப்பியது. எத்தனையோ தாய்மார்கள் தங்கள் குழந்தையின் நிலைக்குத் தாங்களே காரணம் என்ற குற்ற உணர்வோடு வாழ்ந்து முடித்தார்கள். குழந்தைகளோ பெரிய காப்பகங்களில் அடைக்கப்பட்டு, எதுவும் கற்பிக்கப்படாமல் வளர்ந்தார்கள்.

இதை உடைத்தவர்களில் முதன்மையானவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். உளவியலாளர், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை. ஆட்டிசத்துக்கு உயிரியல் காரணங்களே இருக்க வேண்டும் என்று 1964-ல் ஒரு நூலில் வாதிட்டார். மறு ஆண்டே பெற்றோர்களின் தேசிய அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். நடத்தையியலாளர்கள் மீது அவருக்கு நம்பிக்கை பிறந்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் அம்மாவைக் குற்றம் சொல்லவில்லை. அம்மாவையே ஆசிரியராக்கலாம் என்றார்கள். இந்தக் குழந்தைகளால் கற்க முடியும் என்று யாரும் நம்பாத காலத்தில் அவர்கள் நம்பினார்கள். ஏபிஏவின் இந்தக் கொடையை அதன் கடுமையான விமர்சகரும் மறுக்க முடியாது.

லோவாஸின் ஆய்வுக்கூடம்

நார்வேயில் பிறந்து, லாஸ் ஏஞ்சலிஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஓலே ஐவர் லோவாஸ்தான் இந்தச் சிகிச்சையை ஆட்டிசத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைத்தவர். அவர் குழந்தைகளைக் கட்டியணைத்தார், சோறூட்டினார், கொஞ்சினார், அறைந்தார். 1965-ல் 'லைஃப்' இதழ் அவருடைய ஆய்வுக்கூடத்தைப் படங்களோடு வெளியிட்டபோது கட்டுரையின் தலைப்பிலேயே அலறலும் அறையும் அன்பும் சேர்ந்து இருந்தன. அதே ஆண்டு அவர் குழுவினர் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், ஐந்து வயது இரட்டைச் சிறுவர்கள் இருவர் தரையில் பாய்ந்த மின் அதிர்ச்சியிலிருந்து தப்பிக்கப் பெரியவர்களிடம் ஓடிவரப் பழக்கப்பட்டார்கள். சமூக நடத்தையை உருவாக்கும் வழி என்று அது முன்வைக்கப்பட்டது.

படித்தவர்களும் பரிவுள்ளவர்களும் இதை எப்படிச் செய்தார்கள்? 1974-ல் ஒரு பேட்டியில் லோவாஸ் சொன்னதில் விடை இருக்கிறது. இந்தக் குழந்தைகளுக்கு மூக்கும் வாயும் முடியும் இருந்தாலும் உளவியல் பொருளில் அவர்கள் இன்னும் மனிதர்கள் ஆகவில்லை, அந்த மனிதரை நாம்தான் கட்டியெழுப்ப வேண்டும் என்ற கருத்தில் அவர் பேசினார். எதிரே இருப்பவர் ஏற்கெனவே முழு மனிதர் என்று நினைக்காதபோது அவருடைய அழுகை ஒரு தகவலாகத் தெரியாது. ஒழிக்க வேண்டிய நடத்தையாகத் தெரியும்.

அதே 1974-ல் லோவாஸ், ஜார்ஜ் ரெக்கர்ஸ் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார். அதில் வரும் சிறுவனுக்கு ஆட்டிசம் இல்லை. அவன் நடையும் விளையாட்டும் 'பெண்தன்மை' கொண்டவை என்று கருதப்பட்டன. அவற்றை மாற்ற அதே பரிசு, அதே தண்டனை, அதே அளவீட்டு வரைபடங்கள். நடத்தை மாறியதாகக் கட்டுரை அறிவித்தது. அதை வெளியிட்ட ஆய்விதழே 2020-ல் அந்தக் கட்டுரை குறித்துக் கவலை தெரிவித்து அறிக்கை வெளியிட்டது. மாற்ற முடிந்தது என்பதாலேயே அது மாற்றப்பட வேண்டியது ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

19 குழந்தைகளில் 9 பேர்

லோவாஸை உலகப் புகழுக்குக் கொண்டுசென்றது 1987-ல் வந்த கட்டுரை. நான்கு வயதுக்கு உட்பட்ட 19 ஆட்டிசக் குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் சிகிச்சை. அவர்களில் 9 பேர், அதாவது 47 சதவீதம், இயல்பான ஐக்யூவை எட்டி வழக்கமான பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள் என்றது கட்டுரை. ஒப்பீட்டுக் குழுக்களில் இருந்த 40 குழந்தைகளில் அந்த நிலையை எட்டியது ஒருவர் மட்டுமே.

ஆட்டிசம் என்றால் ஆயுள் முழுக்கக் காப்பகம் என்று கேட்டே பழகிய பெற்றோருக்கு இந்த எண் எப்படி ஒலித்திருக்கும்? பாதிக் குழந்தைகள் மீளலாம். வாரம் 40 மணி நேரம் போதும். வீட்டை அடகு வைத்தாவது செய்யலாம்.

நுணுக்கமாகப் படித்தவர்களுக்கு வேறு சில விஷயங்களும் தெரிந்தன. எந்தக் குழந்தை எந்தக் குழுவுக்குப் போகும் என்பது குலுக்கல் முறையில் முடிவாகவில்லை. தெரபிஸ்ட்டுகள் கிடைப்பதைப் பொறுத்து முடிவானது. வழக்கமான பள்ளியில் சேர்வது குழந்தையின் திறனை மட்டும் காட்டாது, பெற்றோர் எவ்வளவு போராடினார்கள் என்பதையும் காட்டும் என்று எரிக் ஷாப்ளர் உள்ளிட்டோர் சுட்டிக்காட்டினார்கள். உரத்த 'நோ'வும் தொடையில் விழும் அடியும் அந்தச் சிகிச்சையில் இருந்தன. லோவாஸின் மாணவர் டிரிஸ்ட்ராம் ஸ்மித், குழுவினரோடு சேர்ந்து 28 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2000-ல் வெளியானது. அதில் ஐக்யூவில் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் 1987-ன் அளவுக்கு அல்ல. அன்றாட வாழ்வுத் திறன்களில் இரு குழுக்களுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை.

அதற்குள் 47 சதவீதம் என்ற எண் வேரூன்றிவிட்டது. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி 1999-ல் வெளியிட்ட அறிக்கை நடத்தை முறைகளை ஆதரித்தது. 2019-க்குள் 50 மாநிலங்களும் ஆட்டிசச் சிகிச்சையைக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தன. அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஏபிஏவுக்கே போனது. தனியார் முதலீட்டு நிறுவனங்கள் சிகிச்சை மையங்களைச் சங்கிலிக் கடைகளைப்போல வாங்கிக் குவித்தன. அங்கே குழந்தையோடு நேரடியாக உட்கார்ந்து வேலை செய்யும் பணியாளருக்குக் கட்டாயமாக்கப்பட்ட பயிற்சி 40 மணி நேரம். அவரிடம் ஒரு குழந்தை ஒரே வாரத்தில் அவ்வளவு நேரத்தைக் கழித்துவிடக்கூடும்.

கைகள் என்ன சொல்கின்றன

மரபான ஏபிஏ வகுப்பு ஒன்றைப் பார்ப்போம். சிறு மேசை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். தெரபிஸ்ட் 'என்னைப் பார்' என்கிறார். குழந்தை பார்த்தால் ஒரு சிப்ஸ் துண்டு, கூடவே 'வெரிகுட்'. பார்க்காவிட்டால் கன்னத்தைத் தொட்டு மெல்லத் திருப்புவார். 'மூக்கைத் தொடு', 'சிவப்பைக் கொடு', 'கையை மேசைமேல் வை' என்று ஒரே ஆணை பத்து முறை, இருபது முறை. ஒவ்வொன்றும் தாளில் குறிக்கப்படும். இந்த முறையில் நிறங்களையும் சொற்களையும் பல் துலக்குவதையும் கற்ற குழந்தைகள் ஏராளம். கூடவே கற்பிக்கப்பட்டவை இரண்டு: கண்ணைப் பார்ப்பது, கையை ஆட்டாமல் இருப்பது.

இந்த இரண்டிலும்தான் வாதம் தீப்பிடித்தது. காரணம், அந்த மேசையில் உட்கார்ந்த குழந்தைகள் வளர்ந்து பேசத் தொடங்கினார்கள், எழுதத் தொடங்கினார்கள்.

1993-ல் ஜிம் சின்க்ளேர் என்ற ஆட்டிச நிலையாளர் பெற்றோரை நோக்கி எழுதிய கட்டுரை ஒரு திருப்புமுனை. ஆட்டிசம் குழந்தையின் மேல் படர்ந்த ஓடு அல்ல, அதை உரித்தால் உள்ளே வேறொரு குழந்தை இருக்காது, ஆகவே கிடைக்காத குழந்தைக்காகத் துக்கம் காத்து, கிடைத்திருக்கும் குழந்தையைத் தவறவிடாதீர்கள் என்பதே அவர் வேண்டுகோள். கனடாவின் மிஷெல் டாசன் 2004-ல் இன்னும் கூர்மையாகக் கேட்டார். வேறு எந்த மக்கள் பிரிவின் மீதும் இப்படி ஒரு சிகிச்சையை, அவர்கள் கருத்தைக் கேட்காமல் நடத்த அறிவியல் அறம் அனுமதித்திருக்குமா என்பது அவர் கேள்வி. பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெற்றோர்கள் இந்தச் சிகிச்சைக்கு அரசே பணம் தர வேண்டும் என்று தொடுத்த வழக்கில், ஆட்டிச நிலையாளராக அவரும் உச்ச நீதிமன்றத்தில் தன் தரப்பை வைத்தார். சட்டம் அரசை அதற்குக் கட்டாயப்படுத்தவில்லை என்று அந்த ஆண்டு நவம்பரில் நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அமெரிக்காவின் ஜூலியா பாஸ்கம் 2011-ல் எழுதிய கட்டுரையில், தன் கைகள் அடக்கப்பட்டபோது தன் மொழியே அடக்கப்பட்டதை விவரித்தார்.

கைகளை உதறுவது, உடலை முன்னும் பின்னும் ஆட்டுவது, ஒரே ஒலியை எழுப்புவது ஆகியவற்றை ஸ்டிம்மிங் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பொருளற்றதாகத் தோன்றும். ஆட்டிச நிலையாளர்களிடமே கேட்டபோது வேறு விடை வந்தது. ஸ்டீவன் காப் உள்ளிட்டோர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இரைச்சலும் வெளிச்சமும் பதற்றமும் தாங்க முடியாத அளவுக்குக் கூடும்போது தங்களை நிதானப்படுத்திக்கொள்ள இது உதவுகிறது என்று பங்கேற்றவர்கள் சொன்னார்கள். மகிழ்ச்சி பொங்கும்போதும் அதே கைகள்தான் படபடக்கும்.

கண்ணைப் பார்ப்பதிலும் இதே கதை. கண்ணுக்குக் கண் பார்ப்பது எரிகிறது, கூசுகிறது, வலிக்கிறது என்று பலர் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தார்கள். நூஷின் ஹஜிகானி குழுவினர் 2017-ல் மூளை ஸ்கேன் மூலம் சோதித்தார்கள். முகப் படங்களில் கண் பகுதியையே பார்க்கும்படி செய்தபோது, உணர்ச்சி சார்ந்த ஆழ்மூளைப் பகுதிகள் ஆட்டிச நிலையாளர்களிடம் அளவுக்கு மீறித் தூண்டப்படுவது தெரிந்தது. கண்ணைத் தவிர்ப்பது அக்கறையின்மை என்று நினைத்திருந்தோம். தாங்க முடியாத தூண்டலிலிருந்து விலகுவதாகவும் அது இருக்கலாம். அப்படியானால் சிப்ஸ் துண்டுக்காகக் கண்ணைப் பார்க்கப் பழகும் குழந்தை, தன் வேதனையை மறைக்கப் பழகுகிறது.

இப்படி மறைப்பதற்கு மாஸ்கிங் என்று பெயர். இயல்பானவரைப்போல நடிக்கும் இந்த உழைப்புக்கும் பதற்றம், மனச்சோர்வு, தற்கொலை எண்ணங்களுக்கும் தொடர்பு இருப்பதாக அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. இது தொடர்பு மட்டுமே. ஏபிஏதான் காரணம் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. ஏபிஏ பெற்றவர்களிடம் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் அறிகுறிகள் அதிகம் என்று 2018-ல் வந்த ஒரு கருத்துக்கணிப்பும், அதன் ஆய்வு முறை பலவீனமானது என்பதால் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது. அதே கண்டிப்பை மறுபக்கத்துக்கும் காட்ட வேண்டும்.

சான்றுகளின் எடை

ஏபிஏ ஆதரவாளர்கள் 'அறிவியல் சான்று உள்ள ஒரே சிகிச்சை' என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அந்தச் சான்றுகளைக் காக்ரேன் அமைப்பு 2018-ல் தொகுத்து மதிப்பிட்டது. தீவிர நடத்தைச் சிகிச்சை பற்றி அதன் அளவுகோலுக்குள் வந்தவை ஐந்தே ஆய்வுகள், 219 குழந்தைகள். அவற்றில் குலுக்கல் முறையில் நடந்தது ஒன்று மட்டுமே. சில குழந்தைகளுக்குப் பலன் தரலாம், ஆனால் சான்று பலவீனமானது என்பது முடிவு.

மிஷெல் சாண்ட்பேங்க் குழுவினர் 2020-ல் இன்னும் விரிவாக வலைவீசினார்கள். சிறு குழந்தைகளுக்கான எல்லாவகைச் சிகிச்சைகளையும் சேர்த்து 150 ஆய்வறிக்கைகள், 6,240 குழந்தைகள். தரம் குறைந்த ஆய்வுகளையும் சேர்த்தால் நடத்தைச் சிகிச்சைக்குப் பலன் தெரிந்தது. குலுக்கல் முறை ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், மரபான நடத்தைச் சிகிச்சை பற்றி முடிவு சொல்லும் அளவுக்குத் தரவே தேறவில்லை. அதே 150 அறிக்கைகளை வேறு கோணத்தில் ஆராய்ந்த கிறிஸ்டன் பாட்டமா-பியூட்டல் உள்ளிட்டோர் 2021-ல் இரண்டு விஷயங்களைக் கண்டார்கள். சுமார் 70 சதவீத அறிக்கைகளின் ஆசிரியர்களில் யாராவது ஒருவருக்கேனும் அந்தச் சிகிச்சையால் ஆதாயம் இருந்தது. அதை முழுமையாக வெளிப்படுத்தியவை மிகக் குறைவு. பக்க விளைவு ஏதும் ஏற்பட்டதா என்று பேசிய அறிக்கைகளும் மிகக் குறைவே. ஒரு மாத்திரையை ஆறு வாரம் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில்கூடப் பக்க விளைவுகளைப் பதிவு செய்வது கட்டாயம். மூன்று வயதுக் குழந்தையை வாரம் 40 மணி நேரம் உட்காரவைக்கும் சிகிச்சையில், குழந்தை இரவில் அழுததா, சாப்பிட மறுத்ததா, அறை வாசலில் நடுங்கியதா என்று பெரும்பாலும் யாரும் கேட்டு எழுதவில்லை. தீங்கு இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. தேடப்படவில்லை என்பதே உண்மை.

அந்த 40 மணி நேரமாவது நிலைத்ததா? மரபான தீவிரச் சிகிச்சையையும் புதிய முறை ஒன்றையும் ஒப்பிட்டு, வாரம் 15 மணி நேரத்தையும் 25 மணி நேரத்தையும் எதிரெதிரே வைத்து, 87 குழந்தைகளிடம் சாலி ராஜர்ஸ் குழுவினர் நடத்திய ஆய்வு 2021-ல் வெளியானது. முறையும் நேரமும் ஒட்டுமொத்தத்தில் பெரிய வித்தியாசம் எதையும் ஏற்படுத்தவில்லை. 2024-ல் 144 ஆய்வுகளையும் 9,038 குழந்தைகளையும் தொகுத்துப் பார்த்தபோதும், மணி நேரத்தைக் கூட்டினால் பலன் கூடும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. கடன் வாங்கியும் வேலையை விட்டும் அந்த மணிக்கணக்கை எட்ட முடியாமல், 'என் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லையே' என்று குமைந்த பெற்றோர்கள் இந்த முடிவை அறிந்தாக வேண்டும்.

வலியும் மொழியும்

இந்த இடத்தில் மற்றொரு குரலுக்கும் காது கொடுக்க வேண்டும். அது, சுவரில் தலையை மோதி ரத்தம் வழியும் பிள்ளையின் தாயுடைய குரல். கட்டுரை எழுதுகிறவர்களும் நீதிமன்றம் போகிறவர்களும் என் மகனுக்காகப் பேச முடியாது, அவனால் ஒரு வார்த்தை பேச முடியாது என்கிறார் அவர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எந்நேரமும் உடனிருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் தேவைப்படுவோரைத் தனியாகக் குறிப்பிட 'ஆழ்ந்த ஆட்டிசம்' என்ற பெயரை லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2021-ல் முன்வைத்தது. அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள எட்டு வயதுக் குழந்தைகளில் சுமார் 27 சதவீதம் பேர் இந்தப் பிரிவில் வருவார்கள் என்று 2023-ல் கணக்கிடப்பட்டது. கையை ஆட்டுவதை அனுமதிக்கலாம். கண்ணைக் குத்திக்கொள்வதை அப்படியே விட்டுவிட முடியாது.

இந்தச் சிக்கலுக்கு நடத்தை அறிவியலே தன் மிகச் சிறந்த விடையைத் தந்தது என்பது பலருக்குத் தெரியாது. லோவாஸிடம் பயின்ற எட்வர்ட் கார், மார்க் டியூராண்டோடு சேர்ந்து 1985-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். குழந்தை தன்னைத்தானே அடித்துக்கொள்கிறது, பொருட்களை வீசுகிறது. அதை எப்படி நிறுத்துவது என்று கேட்பதற்கு முன், எப்போது அப்படிச் செய்கிறது என்று கவனித்தார்கள். சில குழந்தைகள் பாடம் கடினமானபோது செய்தார்கள். சிலர் ஆசிரியர் கவனிக்காதபோது செய்தார்கள். முதல் வகையினருக்கு 'எனக்குப் புரியவில்லை' என்று சொல்லக் கற்பித்து, சொன்னதும் உதவினார்கள். இரண்டாம் வகையினருக்கு 'நான் சரியாகச் செய்கிறேனா?' என்று கேட்கக் கற்பித்து, கேட்டதும் பாராட்டினார்கள். தொல்லை தரும் நடத்தை சரிந்தது. வாய் பேசாத குழந்தைகளுக்கு இதே வேலையைப் படங்களாலும் சைகைகளாலும் டேப்லெட்டாலும் செய்ய முடியும்.

அந்த நடத்தையே ஒரு பேச்சு. பேச வேறு வழி கிடைத்ததும் அது தேவையற்றுப் போனது. பல் வலியாலும் காது வலியாலும் மலச்சிக்கலாலும் தலையை மோதிக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அங்கே முதலில் தேவைப்படுவது மருத்துவர்.

இதற்கு நேரெதிர் முனையில் மாசசூசெட்ஸின் கேன்டன் நகரிலுள்ள ஜட்ஜ் ரோட்டன்பெர்க் மையம் இருக்கிறது. அங்கே சிலருடைய உடலில் கருவி பொருத்தி மின் அதிர்ச்சி தருகிறார்கள். சித்திரவதை தொடர்பான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2013-ல் இதைக் கண்டித்தார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-ல் அந்தக் கருவியைத் தடைசெய்தது. 2021-ல் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. அதன்பின் 2022 இறுதியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி நிர்வாகத்துக்கு அதிகாரம் கொடுத்தது. 2024-ல் தடை மீண்டும் முன்மொழியப்பட்டது. நடத்தைப் பகுப்பாய்வாளர்களின் பன்னாட்டுச் சங்கமும் 2022-ல் மின் அதிர்ச்சிக்கு எதிராக நிலைப்பாடு எடுத்தது. காரின் மாணவர்களும் இந்த மையமும் ஒரே ஸ்கின்னரிடமிருந்து வந்தவர்கள். ஒரு பக்கம் குழந்தை என்ன சொல்ல வருகிறது என்று கேட்டது. மறுபக்கம் சத்தத்தை நிறுத்தியது.

தரையில் உட்காரும் தெரபி

ஏபிஏ என்று இன்று சொன்னால் பழைய மேசையையே நினைக்கக் கூடாது என்று அத்துறையினர் சொல்வதில் உண்மை உண்டு. லோவாஸின் பட்டறையிலிருந்தே வெளிவந்த ராபர்ட் கோகல், லாரா ஷ்ரைப்மன் போன்றவர்கள் மேசையை விட்டுத் தரைக்கு வந்தார்கள். குழந்தை கார் பொம்மையை எடுத்தால் அதிலிருந்தே பாடம் தொடங்கும். 'கார்' என்று சொன்னால் பரிசு சிப்ஸ் அல்ல, அந்தக் காரே. சாலி ராஜர்ஸும் ஜெரால்டின் டாசனும் உருவாக்கிய டென்வர் முறையும், கோனி கசாரியின் ஜாஸ்பர் முறையும் இந்த வகையைச் சேர்ந்தவை. சாண்ட்பேங்க் குழுவின் தொகுப்பில் குலுக்கல் முறை ஆய்வுகளின் வடிகட்டலையும் தாண்டி நின்றவற்றில் இந்த இயல்புச்சூழல் முறைகள் முக்கியமானவை.

இன்னொரு வழி, குழந்தையை விட்டுவிட்டுப் பெற்றோருக்குப் பயிற்சி தருவது. பிரிட்டனின் ஜோனதன் கிரீன் குழுவினர் வடிவமைத்த பேக்ட் என்ற முறையில், பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பிறகு பெற்றோரோடு சேர்ந்து பார்ப்பார்கள். குழந்தை எங்கே திரும்பியது, எதைக் காட்டியது, நீங்கள் அதைக் கவனித்தீர்களா என்று பொறுமையாகப் பேசுவார்கள். இதைத் தெற்காசியாவுக்கு ஏற்றபடி மாற்றி, இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் சோதித்தார்கள். பயிற்சி கொடுத்தவர்கள் நிபுணர்கள் அல்ல, சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டு அமர்வுகள் மட்டுமே. 2016-ல் வந்த முடிவின்படி, பெற்றோர் குழந்தையின் போக்கோடு இசைந்து பதில் தருவது கூடியது. குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. பெருநகரங்களில் சிகிச்சை மையங்கள் குவிந்து கிடக்க, சிற்றூர்களில் பெயருக்குக்கூட ஒரு மையம் இல்லாத நம் நாட்டுக்கு இது சிறிய செய்தி அல்ல.

இதில் ஒரு கோட்பாட்டு மாற்றமும் இருக்கிறது. டேமியன் மில்டன் என்ற ஆட்டிச நிலை ஆய்வாளர் 2012-ல், புரியாமை இரு பக்கமும் இருக்கிறது என்று வாதிட்டார். ஆட்டிச நிலையாளருக்கு மற்றவரைப் புரிவது கடினம் என்றால், மற்றவருக்கும் அவரைப் புரிவது அதே அளவு கடினம். பாதிப் பாலத்தைக் கட்டும் பொறுப்பு நம்முடையது. பேக்ட் போன்ற முறைகள் அந்தப் பாதியில்தான் வேலை செய்கின்றன.

பெற்றோர் கேட்க வேண்டியவை

மையத்தின் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பது இரண்டாவது விஷயம். மோசமான ஆக்குபேஷனல் தெரபியும் உண்டு, நல்ல ஏபிஏவும் உண்டு. கேட்க வேண்டியது வேறு. என் குழந்தைக்கு நீங்கள் வைத்திருக்கும் இலக்குகள் என்ன? அவற்றில் எத்தனை குழந்தைக்கு வசதி, எத்தனை அக்கம்பக்கத்தாருக்கு வசதி? தன் பசியை, வலியை, தேவையைச் சொல்ல ஒரு வழி முதலில் கற்பிக்கப்படுமா? கையை ஆட்டினால் என்ன செய்வீர்கள்? குழந்தை அழுதால் வகுப்பு நிற்குமா, தொடருமா? நான் உள்ளே வந்து உட்கார்ந்து பார்க்கலாமா? கடைசிக் கேள்விக்கு 'கூடாது' என்று பதில் வந்தால் வேறு கேள்வியே தேவையில்லை.

இரண்டு வயதுக் குழந்தையின் ஒப்புதலை எப்படிப் பெறுவது என்று சிலர் கேட்கிறார்கள். குழந்தைகள் ஒப்புதலைக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஓடிவருவது, சாய்வது, சிரிப்பது, முகத்தைத் திருப்புவது, தட்டிவிடுவது, உடலை விறைப்பது. இவற்றைப் படித்து அதற்கேற்ப நடக்கக் கற்றுக்கொண்ட நடத்தைப் பகுப்பாய்வாளர்கள் இன்று பெருகிவருகிறார்கள். இத்துறைக்குள்ளிருந்து எழுந்த மாற்றங்களில் இதுவே மிகவும் நம்பிக்கை தருவது.

சொன்னதைச் செய், பரிசு கிடைக்கும் என்று மட்டுமே பழக்கப்பட்ட குழந்தை, யார் எதைச் சொன்னாலும் செய்யும் பெரியவராக வளரக்கூடும். அதில் உள்ள ஆபத்தை, அதிலும் பேச முடியாத பிள்ளைக்கு உள்ள ஆபத்தை, விளக்க வேண்டியதில்லை. ஆகவே பாடத்திட்டத்தின் முதல் பாடம் நிறங்களோ மூக்கைத் தொடுவதோ ஆக வேண்டாம். 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு வழி, சொல்லாலோ படத்தாலோ கையசைவாலோ, அதுவே முதல் பாடமாகட்டும். கற்பித்த பிறகு, பயிற்சியின் நடுவிலேயே குழந்தை அதைச் சொல்லும். அப்போது நிறுத்துகிற தெரபிஸ்ட்தான் குழந்தைக்காக வேலை செய்கிறவர்.